எண் 417

பதினோராம் வலை வரிசையிலிருந்து
விடியற்காலை மூன்று மணிக்குப் போன்:
"சீக்கிரம் வா. ராஜமீன் மாட்டிக்கிச்சு.
இன்னும் மூச்சு இருக்கு."

முழுநிலாவுக்கு நான்கு நாள் பாக்கி.
மழைக்காலம் முழுக்க ஏரியை நோக்கி
மேலேறிய ஆறு
மனம் மாறி, கடலைப் பார்த்து ஓடும் பருவம்.
இந்த வருஷம் அது திரும்பியதே தாமதம்.
முன்பு மழை மட்டும் முடிவுசெய்ததை
இப்போது எல்லைக்கு அப்பால்
ஏதோ ஓர் அணையின் அறையில்
ஒரு பொத்தானும் முடிவுசெய்கிறது.

வலைவாயில் பொடிமீன் வெள்ளியாய்க் கொட்டுகிறது.
எங்கள் நாட்டில்
பொடிமீனுக்கும் காசுக்கும் ஒரே பெயர், ரியேல்.
மேடையில் குந்தியிருப்பவர்கள்
எதை எண்ணுகிறார்கள் என்று
தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

என் வேலை எண்ணுவதல்ல, எண் கட்டுவது.
ஊசி. மஞ்சள் பிளாஸ்டிக் நூல். அளவு நாடா.
நனைந்தாலும் கலங்காத பேனா.

டார்ச் வெளிச்சத்தில்
கவிழ்ந்த படகு என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு படகு செவுளைத் திறந்தது.

இரண்டே கால் மீட்டர் கெளுத்தி.
எடை போடவில்லை;
தூக்கினால் தன் பாரத்திலேயே செத்துப்போகும்.
பல்லில்லாத வாய்.
இவ்வளவு உடம்பையும்
பாசி தின்றே கட்டியிருக்கிறது.
வாயோரம் தாழ்ந்த கண்
அடியில் எதையோ போட்டுவிட்டுத் தேடுவதைப்போல.

யூசொஸ் ஒரு கையால் மிதவையைப் பற்றி
மறு கையால் அதைக் கட்டிப்பிடித்திருந்தான்.
"தலையை ஓட்டத்துக்கு எதிரே வை" என்றேன்.
"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான்.
பிறகு திட்ட ஆரம்பித்தான்:
கிழிந்த வலையை, வட்டிக்காரனை,
அரை வலைக்குக்கூடக் காணாத
எங்கள் துறையின் இழப்பீட்டை,
ஒரு கிலோ என்ன விலை போகும் என்பதை.
திட்டிக்கொண்டே
ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்தான்.
உதடு நீலம் பாரித்தது.
கை மட்டும் தளரவில்லை.

முதுகுத் துடுப்பின் அடியில் ஊசி இறங்கியபோது
மீன் அசையவில்லை.
நான்தான் கண்ணை மூடினேன்.

கிழக்கு வெளுக்கையில் வால் ஒருமுறை வீசியது.
யூசொஸின் மூக்கில் ரத்தம்.
அவன் சிரித்த சிரிப்பு
பன்னிரண்டாம் வரிசைவரை கேட்டது.
தண்ணீர் மூடிக்கொண்டது.

நோட்டில் எழுதினேன்:
எண், நீளம், இடம், தேதி.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு
'மீண்டும் கண்டது'.

பத்தொன்பதாம் நாள்
கிராத்தியேயிலிருந்து யாரோ தொலா என்பவர்:
"அக்கா, மஞ்சள் நூல் ஒண்ணு கிடைச்சுது.
நாலு, ஒண்ணு, ஏழு. பரிசு உண்டாமே?"
"மீன்?"
"மீன் அப்பவே ஒரு கல்யாணத்துக்குப் போயிடுச்சே."

ஆறுகள் கூடும் இடத்தில்
இடப்பக்கம் திரும்பி, மேகாங்கின் ஓட்டத்தை எதிர்த்து
இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
மேலதிகாரி அந்த வரியின் அடியில் கோடிட்டு
'மிக நல்ல தரவு' என்று எழுதினார்.
பொய்யில்லை.
எந்தப் பக்கம் திரும்பும் என்று
அதுவரை எங்களுக்குத் தெரியாது.

செத்தது மட்டும்தான் வழி சொல்கிறது.
மற்ற எண்களுக்கு எதிரே
கட்டம் காலி.
சம்பளம் வாங்குவது அதை நிரப்புவதற்காக;
இரவில் பக்கம் பக்கமாகப் புரட்டி
இன்னும் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அடுத்த நிலாவில் யூசொஸ் கேட்டான்:
"நம்ம ஆள் எங்கே இருக்கான்? ஏதும் தெரிஞ்சுதா?"
மூக்கின் தண்டு லேசாகக் கோணியிருந்தது.
"மேலே போயிருக்கு. ஆழ்மடுப் பக்கம்.
பத்தொன்பது நாளைக்குள்ளே."

"அவ்வளவு தூரமா!" என்றவன்
பக்கத்து மேடைக்காரனைக் கூப்பிட்டு
அவனிடமும் சொன்னான்.

நான் குனிந்து
418-ஐ ஊசியில் கோத்துக்கொண்டிருந்தேன்.